அறுபத்திரண்டாம் நம்பர் பில்லை

முத்திருளன் திருடவில்லை. திருடினான் என்று எழுதிக் கொடுத்தது நான்.

இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். மற்றதெல்லாம் அப்புறம்.

என்ன, பேனா நின்றுவிட்டது? ஸ்டேஷனுக்கு நூறு வயசு, மலர் போடுகிறோம், பழைய ஆட்களிடம் வரலாறு கேட்கிறோம் என்று ஆள் விட்டுக் கூப்பிட்டீர்கள். வந்திருக்கிறேன். இதுவும் வரலாறுதான். கரி எஞ்சினும் கடிகாரமும் போதும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தக் காலத்துப் போர்ட்டர்கள் ஏழு பேர் உயிரோடு இருக்கிறோம். மற்ற ஆறு பேரும் நன்றாகக் கதை சொல்வார்கள்.

டீ வேண்டாம்.

சரி, கடிகாரம். சொல்லித் தொலைக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கிறீர்களே அந்தப் படம், முகப்பில் பெரிய கடிகாரம், கீழே தொப்பி போட்டு வரிசையாக நிற்கிறார்கள். நான் எழுபத்திரண்டில் வந்தேன். அப்போதே அது நாலே காலில் நின்றுகொண்டிருந்தது. எண்பதில் ஒருதரம் ஓடியது, யாரோ மந்திரி வந்தார். அவர் வண்டி ஏறியதும் அதுவும் நின்றது. எழுதிக்கொண்டீர்களா? நல்லது.

அப்போது மீட்டர் கேஜ். நாலு பிளாட்பாரம். ஒன்றாம் நம்பருக்கு மட்டும்தான் முழுக் கூரை. மழை வந்தால் மற்ற மூன்று வண்டிக்கு நிற்கிற சனம் முழுக்க ஒன்றாம் நம்பரில் வந்து நிற்கும். வண்டி தாமதம் என்றால் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். ஒரு மணி என்று எழுதினால் மூன்று மணி என்று நாங்கள் படித்துக்கொள்வோம். வாசலில் குதிரை வண்டி. தெற்கே தண்ணீர்த் தூண், எஞ்சின் தண்ணீர் குடிக்க. இந்த அறை அப்போது பெண்கள் காத்திருக்கும் அறை. நீங்கள் மேஜை போட்டிருக்கிற இடத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது.

நாங்கள் நூற்றுப் பத்துப் பேர். சிவப்புச் சட்டை, தலையில் சும்மாடு, கையில் பித்தளைப் பில்லை. பில்லையில் நம்பர். ஸ்டேஷனுக்குள் கால் வைத்துவிட்டால் பெயர் கிடையாது, நம்பர்தான். 'ஏய் முப்பத்தேழு.' 'ஏய் நூத்திநாலு.' நான் அறுபத்திரண்டு. ஐந்து வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது, கமுதிப் பக்கம், எவனோ பின்னாலிருந்து 'உடையப்பா' என்று கூப்பிட்டான். நான் திரும்பவே இல்லை.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களே, அது என்னுடையதுதான். உள்ளே வரும்போதே பார்த்தேன். பக்கத்தில் என்ன சீட்டு? 'பழங்காலப் போர்ட்டர் பில்லை.' பழங்காலம் என்ன பழங்காலம், பதினாலு வருஷத்துக்கு முன்னால்தான் ஒப்படைத்தேன். ஒரு மூலை நசுங்கியிருக்கும் பாருங்கள். கேட்காதீர்கள், அங்கேதான் வருகிறேன்.

பில்லையைத் தன் கையில் தானே கட்ட முடியாது. வாரை இழுத்து இறுக்க இன்னொரு ஆள் வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு அவள்தான் கட்டிவிடுவாள். வீட்டுக்காரி. காலையில் அடுப்புச் சாம்பலைக் கையிலிருந்து தட்டிவிட்டு வந்து, ஒரே இழு. விடிய விடியச் சுமந்தாலும் நழுவாது.

முத்திருளன் அவளுக்கு அண்ணன். எனக்கு மச்சான். அப்பன் ஆத்தாள் இல்லாத பிள்ளைகள். இவளை வளர்த்தது அவன்தான். இவளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கல்யாணம் என்று இருந்தான். கட்டிக் கொடுத்த பிறகும் செய்துகொள்ளவில்லை. தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்றான். அப்படியே முப்பத்தைந்து வயசு ஆகிவிட்டது. மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஆள் என்னைவிட ஒரு சாண் உயரம். லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு நாலு வருஷம் காத்திருந்தான். வந்தபாடில்லை.

லைசென்ஸ் இல்லாதவன் இங்கே சுமக்கக் கூடாது. அது சட்டம். ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்றால் பில்லையைச் சொந்தக்காரன் யாருக்காவது கொடுத்து அனுப்புவான். கைமாத்து என்போம். சுமக்கிறவனுக்குக் கூலி, பில்லைக்காரனுக்கு ஆள் வரவில்லை என்று நம்பர் போகாமல் இருக்கும். படம் ஒட்டின புத்தகம் ஒன்று உண்டு. அதை யார் கேட்கிறார்கள்? பில்லையைத்தான் பார்ப்பார்கள். நூற்றுப் பத்துப் பேரில் கைமாத்துக் கொடுக்காதவன் ஒருத்தனைக் காட்டுங்கள். எங்களை மேய்க்கிற மேஸ்திரியே கொடுப்பார். மாட்டினால் மட்டும் லைசென்ஸ் போய்விடும். கொடுத்தவனுக்குத்தான் போகும், வாங்கினவனிடம் போக என்ன இருக்கிறது.

எழுபத்தொன்பது, தை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். எனக்குக் காலில் ஆணி. நடக்க முடியவில்லை. பில்லை மச்சானிடம் போயிற்று.

இருங்கள். அடித்துவிடுங்கள் அதை. ஆணி இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதற்காக இல்லை. ஊருக்கு வெளியே தோப்பில் சேவல்கட்டு. அதைப் பார்க்கப் போனேன். நாற்பது வருஷமாக ஆணி ஆணி என்று சொல்லி எனக்கே அது வாயில் வந்துவிடுகிறது.

காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினேன். பில்லை சுவரில் ஆணியில் தொங்கியது. அவளிடம் சொன்னேன், "ஒங்கண்ணன் வந்தா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. இன்னைக்குக் கூட்டம் அள்ளும்" என்று. அவள் மாசமாக இருந்தாள், ஏழாம் மாசம். "அண்ணே நாளைக்கு வரட்டுங்க, மூணு நாளா மார்க்கெட்ல மூட்டை தூக்கி அலுத்துப் போயிருக்கு" என்றாள். "சொன்னதைச் சொல்லு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

எழுதுங்கள், எழுதுங்கள். நிறுத்தினால் நான் நிறுத்திவிடுவேன்.

இப்போது ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வடக்கே ஒரு மேம்பாலம்தான். தெற்குக் கோடியில் இறங்குகிற சனம் அவ்வளவு தூரம் நடந்து, ஏறி, இறங்கி வராது. வண்டியின் அந்தப் பக்கக் கதவு வழியாகத் தண்டவாளத்தில் குதித்து அடுத்த பிளாட்பாரத்தில் ஏறிவிடும். கிழவி முதல் கைக்குழந்தை வரை. நாங்களே சுமையோடு அப்படித்தான் போவோம். ரயில்வேக்காரர்கள் திட்டுவார்கள். திட்டுகிறவர்களும் அப்படித்தான் போவார்கள்.

பகல் பதினொன்றரை. மூன்றாம் நம்பரில் வண்டி நிற்கிறது. நாலாம் நம்பர் தண்டவாளம் காலி. கைப்பிள்ளையோடு ஒருத்தி அந்தப் பக்கம் குதித்திருக்கிறாள். குதித்த இடத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். யார்டிலிருந்து காலி வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். எஞ்சின் கடைசியில். டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. முத்திருளன் நாலாம் நம்பர் பிளாட்பாரத்தில் தலையில் இரண்டு டிரங்குப் பெட்டி, கையில் ஒரு நெய்ப்பானையோடு வந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் போட்டான். குதித்தான். அவளைப் பிள்ளையோடு தூக்கி மேலே எறிந்தான். மேலே நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஏறுவதற்குள் வண்டி வந்துவிட்டது.

நான் பார்க்கவில்லை. மேஸ்திரி சொன்னது.

சார், எங்கள் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. என்ன நடந்தாலும் சுமையைக் கீழே போடாதே. இடி விழட்டும், பாம்பு வரட்டும், பார்ட்டியின் சாமான் தலையில் இருக்க வேண்டும். ஏழெட்டு வருஷத்தில் அது ரத்தத்தில் ஊறிவிடும். அன்றைக்கு அங்கே இன்னும் நாலு போர்ட்டர் நின்றார்கள். நாலு பேரும் கத்தினார்கள். ஒருத்தனும் சுமையைப் போடவில்லை. நான் இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். அவன் போர்ட்டர் இல்லை. அதனால் போட்டான்.

அந்தப் பொம்பளை யார், எந்த ஊர், தெரியாது. கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள். பயந்திருப்பாள். அப்புறம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்காரர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், நெய்ப்பானை உடைந்துவிட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தார். உங்கள் பழைய காகிதக் கட்டுகளில் தேடுங்கள், இருக்கும். நெய்ப்பானை இருக்கும். அந்தப் பொம்பளை இருக்க மாட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷன் பக்கத்து ஆள் ஒருத்தன் சேவல்கட்டுத் தோப்புக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி நின்றான். ஸ்டேஷனில் அறுபத்திரண்டு செத்துவிட்டான் என்றுதான் பேச்சாம். என் சாவைக் கேட்டுக்கொண்டே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சந்தியாகு மேஸ்திரி என்னை வாசலிலேயே பிடித்துக் குதிரை லாயத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நல்ல மனுஷன். மாதா கோவிலுக்கு ஞாயிறு தவறாமல் போவார். அவர் சொன்னார், "ஒடையப்பா, போலீஸ் ஒன்னைத் தேடுது. பில்லை எப்படி அவன் கையில வந்துச்சுன்னு கேப்பாங்க. கைமாத்துன்னு சொன்னா ஒன் லைசென்ஸ் மட்டும் போகாது. எல்லார் புஸ்தகத்தையும் கொண்டா, எல்லார் மூஞ்சியையும் காட்டுன்னு நிப்பாங்க. திருடிட்டுப் போயிட்டான்னு எழுதிக் குடுத்துரு. செத்தவனுக்கு லைசென்ஸ் எதுக்கு? இருக்கிறவனுக்கு வேணும்."

"மச்சான் மேஸ்திரி" என்றேன்.

"மச்சான்தான். இப்ப அவனுக்கு என்ன வலிக்கப் போகுது?" என்றார்.

நான் மேஸ்திரியைக் குறை சொல்லவில்லை. சொல்வதாக எழுதிவிடாதீர்கள். அவர் சொன்னார், நான் எழுதிக் கொடுத்தேன். 'நான் வீட்டில் இல்லாத நேரம் என் பில்லையை என் மச்சான் முத்திருளன் எனக்குத் தெரியாமல் திருடி அணிந்து சென்றுவிட்டான்.' கீழே கையெழுத்து. கையெழுத்துப் போட எனக்குத் தெரியும், நாலாவது வரை படித்திருக்கிறேன். அந்தப் படிப்பு அதற்குத்தான் உதவியது.

மறுநாள் காலை ரயில்வே போலீஸில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். ஆணியைப் பார்த்தார். "இங்கதான் மாட்டியிருந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவளைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, நீ வீட்லதான இருந்த. நீ எடுத்துக் குடுத்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது சார். ஒரு சாமான் வண்டி கடந்து போகிற நேரம் இருக்கும். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் பாக்கலங்க" என்றாள்.

அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. மற்றவள் என்றால் என்னைப் பிடுங்கியிருப்பாள். அண்ணனைத் தின்றாய் என்று தெருவில் இழுத்திருப்பாள். இவள் விவரமானவள். நிலைமை புரிந்தது, விட்டுவிட்டாள். அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

மச்சானை எடுத்தபோது நான் போகவில்லை. மேஸ்திரி வேண்டாம் என்றார். பில்லையைப் பறிகொடுத்தவன் பாடைக்குத் தோள் கொடுத்தால் போலீஸுக்குச் சந்தேகம் வரும் என்றார். மார்க்கெட் ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். போர்ட்டர்கள் நூற்றுப் பத்துப் பேரில் ஒருத்தன் வரவில்லை. அவனவனுக்கு அவனவன் பில்லை. இந்தத் தலையும் தோளும் முப்பத்தெட்டு வருஷம் கண்டவன் சாமானையெல்லாம் சுமந்திருக்கிறது. ஒரு தடவை பிணப்பெட்டிகூடச் சுமந்திருக்கிறேன், பார்சல் ஆபீஸுக்கு. அவனைச் சுமக்கவில்லை.

தண்ணீர் இருந்தால் கொடுங்கள். டீ இல்லை, தண்ணீர்.

ம்.

பில்லையை மூன்று மாசம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மூலை நசுங்கியிருந்தது. அடித்து நிமிர்த்தப் பார்த்தேன், வரவில்லை. அதையே கட்டிக்கொண்டேன். வாரைப் பல்லால் கடித்து இழுத்து நானே கட்டப் பழகினேன். அவளுக்கு எங்கே நேரம், பச்சைப்பிள்ளைக்காரி. பிள்ளை வளர்ந்த பிறகும் அப்படியே பழகிவிட்டது. சட்டை துவைப்பாள், சும்மாடு துவைப்பாள். பில்லையைத் தொட மாட்டாள். புளி போட்டுத் தேய்க்கச் சொன்னால் "ஒங்க சாமான், நீங்களே தேய்ங்க" என்பாள். பித்தளை நாற்றம் அவளுக்குப் பிடிக்காது.

ரயிலும் ஒத்துக்காது. இங்கே ஸ்டேஷனிலேயே என் பிழைப்பு, பாஸ் இல்லையென்றாலும் டிக்கெட் பார்க்கிற டிடிக்கள் எல்லாம் தெரிந்தவர்கள், வா ஊருக்கு ரயிலில் போவோம் என்றால் மாட்டாள். தலை சுற்றும் என்பாள். பஸ்ஸில் ஆறு மணி நேரம் இடிபட்டு வருவாள், அதில் சுற்றாது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தோம். அதற்கும் பஸ்தான். சில பேர் உடம்புவாகு அப்படி.

அப்புறம் தையில் அந்த ஒரு நாள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். தெருவில் எல்லார் வீட்டிலும் கறி மணக்கும். எங்கள் வீட்டில் பழைய சோறு. மூன்று நாள் சமைத்த அலுப்பு என்று நானும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாளில் நானும் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் இருக்கப் பிடிக்காது.

தெற்கு மேம்பாலம் எப்போது வந்தது? இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். எண்பத்தொன்றில் வந்தது. அடியில் ஒரு கல் இருக்கும். 'பொதுமக்கள் வசதிக்காக.' எந்தப் பொதுமக்கள் கேட்டார்கள்? முத்திருளன் செத்ததால் வந்தது. விசாரணை செய்த அதிகாரி, தெற்கே பாலம் இல்லாததால்தான் சனம் தண்டவாளத்தில் இறங்குகிறது என்று குறிப்பு எழுதினாராம். திருடன் என்றும் அவர்தான் எழுதினார். இரண்டும் ஒரே காகிதம்.

நாற்பத்திரண்டு படி. பாலம் வந்த நாளிலிருந்து வேலையை விடுகிற வரை அதில் ஏறி இறங்கினேன். மற்றவர்கள் பாலம் வந்தது முட்டிக்குக் கேடு என்று திட்டுவார்கள். நான் திட்டியதில்லை. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறுவேன். சுமையோடு ஏறும்போது எண்ணினால் களைப்புத் தெரியாது. அதற்காகத்தான் எண்ணுவேன். வேறொன்றும் இல்லை.

பிறகு அகல ரயில் வந்தது, சக்கரம் வைத்த பெட்டி வந்தது. எங்கள் பிழைப்பு உருண்டு போய்விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மலருக்கு ஆகும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அவள் இல்லை. முப்பதாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. சர்க்கரை, சிறுநீரகம். அவள் இருந்தவரை நான் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் போலீஸிடம் அவள் சொன்னதும் பொய் என்று ஆகும். வயசான காலத்தில் அவளை இழுத்துவிடக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளுக்காகத்தான் இருந்தேன். நீங்கள் பாலத்தடியில் புதுக் கல் வைக்கப் போகிறீர்கள், ஸ்டேஷனில் உயிர் விட்டவர்கள் பெயரெல்லாம் வெட்டப் போகிறீர்கள் என்று போர்ட்டர் ஒருத்தன் சொன்னான். அந்தப் பட்டியலில் முத்திருளன் வர வேண்டும். வெட்டுங்கள். லைசென்ஸ் இல்லாத ஆள் என்று யாராவது சொன்னால் அறுபத்திரண்டாம் நம்பர் என்று போடுங்கள். என் பெயர் கெட்டால் கெடட்டும். யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், லைசென்ஸைப் பிடுங்குவார்களா?

என்ன காகிதம்? என்னைப் படிக்கச் சொல்கிறீர்களா. கண்ணாடியை எடுத்துவரவில்லை. சரி கொடுங்கள், எட்ட வைத்தால் தெரியும்.

யார் கையெழுத்து இது? உங்கள் கிளார்க்கா. முத்து முத்தாக இருக்கிறது.

'என் அண்ணன் முத்திருளன் திருடன் இல்லை. அறுபத்திரண்டாம் நம்பர் பில்லையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான். அவன் வேண்டாம் என்றான். அவன் கையில் கட்டிவிட்டதும் நான்தான். போலீஸ் கேட்டபோது பார்க்கவில்லை என்று நான் சொன்னது பொய். அந்த ஒரு சொல்லால் என் அண்ணன் திருடன் ஆனான். அதைத் திருத்தி எழுத வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவரைக் கேட்க வேண்டாம். இப்படிக்கு, முத்திருளன் தங்கை.'

ரேகை.

இது அவள் கட்டைவிரல். நடுவில் வெட்டுக்காயம் ஓடுகிறது பாருங்கள். அரிவாள்மணையில் பட்டது.

எப்போது வந்தாள்? புரட்டாசியிலா. எந்தக் கிழமை? புதன்.

ஒரு புதன்கிழமை சர்க்கரை பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று போனாள். காலையில் போனவள் சாயங்காலம் வந்தாள். கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தது. 'சக்கரை பாக்க இவ்வளவு நேரமா' என்று கத்தினேன். 'கூட்டம்' என்றாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள். நான் டிவி போட்டேன்.

இங்கேயா உட்கார்ந்தாள்? இந்த நாற்காலியிலா?

தனியாகவா வந்தாள்? ஸ்டேஷனுக்குள் கால் வைத்ததில்லை சார் அவள். ஒரு நாள் வைத்ததில்லை. ரயில் ஒத்துக்காதே.

இருங்கள்.

ஒத்துக்காது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளா? நீங்களே கூட்டிப் போனீர்களா? ஏறினாளா? அந்தக் காலை வைத்துக்கொண்டா?

ஆஸ்பத்திரியில் கடைசியில் கிடந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். 'அந்தப் பாலத்துல எத்தனை படி?' என்றாள். சர்க்கரை இறங்கிப் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். 'நாப்பத்திரண்டு, அதுக்கென்ன இப்ப' என்றேன். எரிந்துதான் விழுந்தேன். 'நாப்பத்தொண்ணுன்னு நெனச்சேன்' என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மறுநாள் போய்விட்டாள்.

முதல் படி பாதி தரையோடு புதைந்து கிடக்கும் சார். சுமைகாரன் காலுக்குத்தான் அது படி. மற்றவர்கள் கண்ணுக்கு நாற்பத்தொன்றுதான்.

அவளும் எண்ணியிருக்கிறாள்.

குடிக்க ஒன்றும் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அந்தப் பேனாவைக் கொடுங்கள். இல்லை, நீங்களே செய்யுங்கள். அந்தக் கடைசி வரிக்கு முந்தின வரி. 'என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது.' அதை அடியுங்கள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரிக்கார்டில் இரண்டே பொய்தான் சொல்லியிருக்கிறாள், இரண்டும் எனக்காக. ஒன்றை அவளே திருத்திவிட்டாள். மிச்சம் ஒன்று இருக்கிறது, அதை நான் திருத்துகிறேன். காலை எட்டு மணிக்கு நான் சொன்னேன், அவள் வேண்டாம் என்றாள், நான் சொன்னதைச் செய் என்றேன். இப்படி எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவது வரை படித்தவன்.

'அவரைக் கேட்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பரவாயில்லை.

இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டீர்களா? மலர், வரலாறு என்று சொல்லி அனுப்பியதெல்லாம் சும்மாவா? சரி, என்னவோ. பில்லையின் நம்பரை வைத்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ரிக்கார்டைத் திருத்தினால் யார் சொல்லித் திருத்தியது என்று கீழே பெயர் போட வேண்டும், இந்தக் காகிதத்தில் தங்கை என்று இருக்கிறதே தவிரப் பெயர் இல்லை. அவ்வளவுதானே?

என் பெயரைப் போடாதீர்கள். என்னுடையது அந்தப் பழைய ரிக்கார்டில் மேலே, எழுதிக் கொடுத்தவன் என்கிற இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். திருத்தியது அவள்.

எங்கள் பக்கம் பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம் சார். இந்தா என்போம், ஏ புள்ளே என்போம். நாற்பத்தாறு வருஷத்தில் ரேஷன் கார்டுக்கு ஒருதரம், ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட ஒருதரம், சுடுகாட்டில் ரசீதுக்கு ஒருதரம் சொல்லியிருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகச் சொல்கிறேன், தப்பில்லாமல் எழுதுங்கள்.

சீனியம்மாள்.